ஏழு குளிர்காலம் தூங்காத கள்ளி

செப்டம்பர் 26

இன்று கள்ளி வளர்ப்போர் சங்கக் கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது: என் உருண்டைக் கள்ளி தன் ஏழு குளிர்காலத்தையும் என் சமையலறை ஜன்னலில், வெந்நீர்க் குழாய்களுக்கு மேலே, கதகதப்பாகக் கழித்திருக்கிறது.

மதுக்கடையின் பின்னறையில் ஓலோமோட்ஸ் நகரத்துக் கள்ளிப் பைத்தியங்கள் முப்பது பேர். ராதோவான் ஆரம்பித்தான். என் வயதுதான் அவனுக்கும். சொந்தமாகக் கண்ணாடிக் குடில் வைத்திருக்கிறான், அந்தத் திமிர் வேறு.

"வெந்துலா, உன் உருண்டை இந்த வருஷமாவது பூத்துச்சா?"

"இல்ல."

"கல்லை நட்டு வச்சுட்டுக் கள்ளின்னு சொல்றியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

குளிரில் உறங்காத கள்ளி பூக்காது. சங்கத்தில் சேரும் அன்றே சொல்லித் தரும் முதல் பாடம் அது. எனக்குத் தெரியாதா? பயம், அவ்வளவுதான். விதைப் பொட்டலத்தில் பிழைத்தது இது ஒன்றே. பெயர்ச்சீட்டில் மையும் அழிந்துவிட்டது. பூத்தால்தான் இனம் தெரியும். இனம் தெரியாத செடிக்கு மே மாதக் கண்காட்சியில் இடமில்லை. அபூர்வமான வெள்ளைப்பூ இனம் என்பது என் நம்பிக்கை. சாதாரண மஞ்சள் என்கிறான் ராதோவான்.

பந்தயம் கட்டிவிட்டோம். வெள்ளை பூத்தால், கண்காட்சிக்கு வரும் தொட்டிகளை எல்லாம் அவன் பல் துலக்கும் பிரஷால் கழுவ வேண்டும். மஞ்சள் என்றால் சங்க இதழின் குளிர்கால அறிக்கையை நான் எழுத வேண்டும். மூன்று வருடமாக யாரும் எழுத முன்வராத அறிக்கை.

ஆக, இந்த வருடம் அதைக் குளிரில் வைக்கப்போகிறேன். எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பயமா, சந்தோஷமா?

செப்டம்பர் 28

வாட்ஸ்லாவ் திருநாள், நாடு முழுக்க விடுமுறை. ஊர் காளான் பறிக்கப் போகிறது. கள்ளிக்காரர்கள் நாங்கள் செடிகளுக்குக் கடைசித் தண்ணீர் ஊற்றுகிறோம். இனி மார்ச் வரை ஒரு சொட்டுக்கூட இல்லை.

அக்டோபர் 13

முள் முள்ளாகத் தேடினேன், மாவுப்பூச்சி இல்லை. மண் காய்ந்துவிட்டது. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே படிக்கட்டு ஜன்னல் முழுதாக மூடாது. வருடம் முழுக்க எல்லோரும் திட்டும் ஜன்னல். அங்கே ஒன்பது டிகிரி. இதைவிட நல்ல இடம் உண்டா? கள்ளியை அங்கே வைத்தேன். குழந்தையை விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். நான் திரும்பிப் பார்த்தேன். நான்கு முறை.

நவம்பர் 19

சுருங்கிவிட்டது! பாதி உடம்பு மண்ணுக்குள் இறங்கிவிட்டது, தோலெல்லாம் சுருக்கம். உள்ளே நீர் குறைந்து சாறு கெட்டியாகிறது. கெட்டியான சாறு லேசில் உறையாது. புத்தகத்தில் எத்தனை முறை படித்திருப்பேன். இன்றுதான் விரலால் தொட்டுப் படித்தேன்.

டிசம்பர் 23

நான்கு டிகிரி. எதிர்வீட்டு பொஹுமிலா அக்கா உருளைக்கிழங்கு சாலட் பானையையும் பண்டிகை பிஸ்கட் டப்பாக்களையும் கெடாமல் இருக்க அதே ஜன்னலில் கொண்டுவந்து அடுக்கிவிட்டாள். நல்ல துணை.

ஜனவரி 11

மண் ஈரம். தொட்டித் தட்டில் மஞ்சளாக ஏதோ தேங்கி நிற்கிறது. தேன் வாசனை.

அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"ஆமா கண்ணு, நான்தான் ஊத்தினேன். ரெண்டு மாசமா பாக்கறேன், கிழவி மாதிரி வத்திப்போய்க் கெடக்கு. ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லையேன்னு மனசு கேக்கல."

"என்ன ஊத்துனீங்க?"

"மூலிகை டீ மிச்சம் இருந்துச்சு. கொஞ்சம் தேன் போட்டது. வெதுவெதுப்பாத்தான் ஊத்தினேன், நான் என்ன கல்நெஞ்சக்காரியா?"

என்னத்தச் சொல்ல! குளிரில் ஈரம் நின்றால் ஒரு வாரத்தில் வேர் அழுகிவிடும். எப்போது ஊற்றினாளாம்? நேற்று, முந்தாநாள், அதற்கு முந்தாநாளும். அய்யோ.

ராதோவானைப் போனில் கூப்பிட்டேன். வேறு வழி?

"பதறாத. முன்னாடி குளிர்காலத்துல எல்லாம் எப்படித் தாங்குச்சு?"

"இதுதான் முதல் குளிர்காலம்."

"புரியல."

"சமையலறையில வச்சிருந்தேன். ஏழு வருஷமும்."

ஒரே சிரிப்பு, ரிசீவரைத் தள்ளிப் பிடிக்கிற அளவுக்கு.

"ஏழு வருஷம் தூங்கவிடாம வச்சிருந்தியா? போலீஸ்காரன்கூட அப்படிச் செய்யமாட்டான்! சரி சரி, தொட்டியக் கவுத்துப் போடு. ஒரு துளி மண்ணு ஒட்டியிருக்கக் கூடாது. வந்துட்டிருக்கேன்."

ஜனவரி 12

வேர் வெள்ளையாகத்தான் இருக்கிறது! ஒரே ஒரு நுனி மட்டும் பழுப்பு. வெட்டிக் கரித்தூள் பூசினோம். வெறும் வேரோடு காயவைத்துச் செய்தித்தாளில் சுற்றி, நிலவறையில் உருளைக்கிழங்குப் பெட்டிக்கு மேலே வைத்தாயிற்று. "இலக்கியப் பக்கத்துல சுத்தியிருக்கேன், நல்லாத் தூக்கம் வரும்," என்றான் ராதோவான். அடிக்க வேண்டும்போல் இருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன்.

பிப்ரவரி 2

பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை. சரி, ஓரத்தை மட்டும்.

மார்ச் 16

புது மண், புதுத் தொட்டி. நட்டபோது பக்கவாட்டில் ஒரு முள் முடிச்சில் சாம்பல் நிறப் பஞ்சு கண்ணில் பட்டது. பூ மொட்டா, குட்டிக் கள்ளியா? உருண்டையாக வந்தால் குட்டி. கூராக வந்தால் மொட்டு. இப்போதைக்கு வெறும் பஞ்சு. இனி தினமும் மூன்று முறை பார்ப்பேன், சாப்பாட்டுக்கு முன் மருந்து மாதிரி.

ஏப்ரல் 6

கூர்! கூர்! கூர்!

மே 17

காலை பத்து மணிக்குத் திறந்தது. நான் போட்ட கூச்சலில் அக்கா தலையில் முடி சுருட்டும் கட்டைகளோடு ஓடிவந்தாள். ராதோவான் சைக்கிளில் வந்து சேர்ந்தான், மூச்சிரைக்க.

மஞ்சள். எள்ளளவும் சந்தேகமில்லாத, வெண்ணெய் போன்ற மஞ்சள்.

"சாதாரணம்னு சொன்னேன்ல?" என்றான். பிறகு குனிந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "என்கிட்ட இதே இனம் பதினோரு செடி இருக்கு. ஒண்ணுலகூட இவ்வளவு பெருசா வந்ததில்ல."

"டீ குடிச்ச உடம்பாச்சே," என்றாள் அக்கா.

அவன் சட்டைப்பையிலிருந்து மாத்திரை உறை ஒன்றை எடுத்தான். தன் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்திருக்கிறான். என்ன நிறம் என்று தெரியும் முன்பே! இந்த இனம் தன் சொந்த மகரந்தத்தால் காய்க்காது, இன்னொரு செடியுடையது வேண்டும். தூரிகையை என்னிடம் நீட்டினான். "நீயே வை. உன் செடி."

வெள்ளையாக இல்லையே என்று வருத்தமா? உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஜூன் 29

கண்காட்சிக்கு மூன்று நாள் முன்பே பூ வாடிவிட்டது. கண்காட்சி மேசையில் வெறும் பச்சை உருண்டையாக, ஆனால் பெயர்ச்சீட்டோடு நின்றது. குளிர்கால அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டேன், நான்கு பக்கம். இன்று காய் வெடித்தது. விதையில் பாதி எனக்கு, பாதி ராதோவானுக்கு. கேட்டாள் என்று என் பாதியிலிருந்து அக்காவுக்குப் பத்து.