கசிவுத் தண்ணீர்

என் கண்மணி எல்முரோதுக்கு உன் அம்மா சபோஹத் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே அடுப்பும் எரிகிறது, ஆட்களும் நடமாடுகிறோம். நீயும் அந்தக் கொரியாவின் செடி வளர்க்கிற கண்ணாடிக் கூடாரத்துக்குள் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நிகோரா நன்றாக இருக்கிறாள், அதாவது வேலை செய்கிறாள், சிரிப்பதில்லை. உன் மகள் ஸிலோலாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, ஸலாம் சொன்னால் பாதி காற்றாகப் போகிறது. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. போனில் சொன்னால் ஆகாதா, இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வீட்டில் எந்தப் போன் அடித்தாலும் உன் அப்பாவின் காது அங்கே வந்துவிடும், ஸிலோலா பிடுங்குவாள், படம் அப்படியே நின்றுவிடும், அதற்கு நடுவில் நான் என்னத்தைச் சொல்ல. அடுத்த தெரு ஹோல்பெக் உன் கூடாரத்துக்கே வேலைக்கு வருகிறான் என்று கேட்டதும், காய்ந்த ஆப்ரிகாட் பைக்குள் இந்தக் காகிதத்தையும் வைத்துத் தைத்துவிட்டேன். பழம் எல்லாம் வெடித்த பழம்தான், பார்வைக்கு நன்றாக இருக்காது. அது ஏன் வெடித்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை மகனே. இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து முற்றத்துக்குப் போய் வாய்க்காலைப் பார்த்துவிட்டு வந்தேன், தந்தூரில் ஒட்டிய ரொட்டியை மறந்து ஒரு பக்கம் கருக்கிவிட்டேன். நீயும் உன் அப்பாவும் போனில் சண்டை போட்ட அன்றிலிருந்து இப்படித்தான். அவர், "உன் கம்பி பொய் சொல்லுதுடா, காய்ஞ்சிருக்கு காய்ஞ்சிருக்குன்னு சொல்லியே என் மரத்தையெல்லாம் மூழ்கடிச்சிருச்சு" என்று கத்தினார். நீ, "கம்பி பொய் சொல்லாதுப்பா, மனுஷன்தான் சொல்லுவான்" என்றாய். அவர் முகம் ஒரு நிமிஷம் வெளுத்துப்போனதை நீ பார்த்திருக்க மாட்டாய், போனை அப்போதே தரையில் கவிழ்த்துவிட்டார். மறுநாள் நீ நிகோராவிடம், இலையுதிர் காலத்துக்கு வரப்போவதில்லை, இங்கேயே இன்னும் கொஞ்ச வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போகிறேன் என்று சொன்னாயாம். அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. மாவு பிசைந்துகொண்டே அழுதாள், நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் உன் மதகுக்கு விரோதி இல்லை, அதை முதலில் மனதில் வைத்துக்கொள். நீ அனுப்பி வைத்த இரும்பு மதகும், மரத்தடியில் நட்ட ஈரக்கம்பியும் வந்த பிறகுதான் நான் நிம்மதியாகப் படுத்தேன். முன்பெல்லாம் தண்ணீர் முறை வந்தால் உன் அப்பா மண்வெட்டியோடு அரைத் தூக்கத்தில் ஓடுவார், மேல்மடைக்காரனோடு மல்லுக்கு நிற்பார், மண்டை உடையாமல் திரும்பி வந்தால் அதுவே பெரிய காரியம். இப்போது மண் காய்ந்தால் கம்பி சொல்கிறது, மதகு தானே திறக்கிறது, நனைந்தால் தானே மூடுகிறது, நீ கொரியாவில் உட்கார்ந்து போனில் பார்க்கிறாய், வேண்டுமென்றால் அங்கிருந்தே திறக்கவும் மூடவும் செய்கிறாய். இந்தத் தெருவில் மண்வெட்டி பிடிக்கிற வயதில் ஆண்பிள்ளை யார் இருக்கிறார்கள் சொல், பாதிப் பேர் ருஷ்யாவில், மீதிப் பேர் உன்னோடு. இருக்கிற கிழவர்களையும் எங்களைப் போன்ற பொம்பளைகளையும் வைத்து எத்தனை நாளைக்கு இந்தத் தோப்புகள் நிற்கும். இனி ஒரே ஆள் ஒரு போனை வைத்துக்கொண்டு நாற்பது தோப்பைப் பார்த்துக்கொள்வான் என்று நீ சொன்னபோது உன் அப்பா சிரித்தார், நான் சிரிக்கவில்லை. ஆனால் கொல்லையையும் கண்ணாடி போட்டு மூடி ஸ்ட்ராபெரி வைக்கலாம், வெங்காயமும் உருளைக்கிழங்கும் சந்தையில் கிடைக்காதா என்றாயே, அது மட்டும் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. பாதை அடைத்துக் கடை காலியாகக் கிடந்த வருஷத்தில் உன்னை வளர்த்தது அந்தக் கொல்லைதான். ஸ்ட்ராபெரியைப் போட்டு ஷோர்பா கொதிக்க வைக்க முடியாது கண்ணு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழம் நிறம் மாறுகிற சமயத்தில், தண்ணீரை இழுத்துப் பிடிக்க வேண்டிய நாளில், மதகு திறந்து திறந்து மூடியது. தோப்பு சேறாகிவிட்டது. பழங்கள் மரத்திலேயே வாய் பிளந்துகொண்டன, உலர்த்தப் போட்ட தட்டெல்லாம் குளவி. வியாபாரி எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். தண்ணீர் முறை பார்க்கிற மீராப் மமசோலி இருக்கிறாரே, அவர் கழுதையை விட்டு இறங்காமலே, "என்ன எர்காஷ், உன் பையன் கொரியாவுலேருந்து தண்ணி மட்டும்தான் அனுப்புறானா, மீனும் அனுப்புவானா" என்று கேட்டார். உன் தோப்பு நன்றாக விளைந்தால் வாய்க்கால் முழுக்க இதே மதகைப் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இப்போது உதட்டைப் பிதுக்குகிறார்கள். உன் அப்பா பதிலுக்கு உன் மெஷினைத் திட்டினார், உன்னைத் திட்டினார், நீ வேலை பார்க்கிற கூடாரத்தையும் திட்டினார். அவ்வளவு சத்தமாக அவர் திட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், உன் அப்பா நிஜமாகக் கோபப்பட்டால் சத்தமே வராது.

நம் கடைமடையில் இருக்கிற சனோபர் உனக்கு ஞாபகம் இருப்பாள், அவள் சுவரில் ஏறி முல்பெரி பறித்துக் கீழே விழுந்து கையை உடைத்துக்கொண்டாயே, அதே சனோபர். போன குளிரில் புருஷன் இறந்துவிட்டான். மகன் ருஷ்யாவில் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. அவளுக்கு இருப்பது வீட்டைச் சுற்றின கொல்லை ஒன்றுதான், வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு, பூசணி, அதுதான் அவள் குளிர்காலம். மதகு வந்த பிறகு அந்தக் கொல்லை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை, அவளும் திறக்கவில்லை. போன வாரம் அவள் தயிர் கொடுத்தனுப்பிய கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதே என்று கொஞ்சம் புலாவ் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கொல்லை பச்சைப்பசேல் என்று நிற்கிறது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எப்படிடி இது" என்று கேட்டேன். அவள் பூசணிக் கொடியைப் பார்த்துக்கொண்டே, "அல்லா குடுத்தாரு அக்கா" என்றாள். என்னை டீ குடிக்கக் கூப்பிடவும் மறந்துவிட்டாள். திரும்பும்போது வெங்காயப் பாத்தி நடுவில் ஏதோ மின்னியது. குனிந்து பார்த்தால் உன் ஈரக்கம்பி. தலையில் உன் அப்பாவின் பழைய இடுப்புத் துண்டைக் கிழித்து, வெயில் படாமல் அழகாகக் கட்டியிருந்தது. அந்த முடிச்சு எனக்குத் தெரியாதா, முப்பது வருஷமாக என் மாட்டைக் கட்டுகிற முடிச்சு.

புரிகிறதா உனக்கு. கம்பி பொய் சொல்லவில்லை. அது இருந்த இடத்தில் மண் காய்ந்துதான் இருந்தது, அது உண்மையைத்தான் உன்னிடம் சொன்னது. தண்ணீர் நம் தோப்பு முழுக்கப் பாய்ந்து முடித்த பிறகுதான் கடைமடைக்குப் போகும் என்பதை அந்த மனுஷன் யோசிக்கவில்லை, இல்லை, யோசித்தும் செய்தாரோ, அது எனக்குத் தெரியாது. சனோபர் கொல்லை ஒரு வாய் குடிக்க நம் மரம் மூன்று வாய் குடித்து வயிறு வெடித்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ இளவயதிலேயே வேலை தேடி ஊரை விட்டுப் போனவன், உனக்கு இது தெரிந்திருக்காது, தெரிந்துகொள்ளும்படி யாரும் சொல்லவும் மாட்டார்கள். நம் பழைய மர மதகு எந்நாளும் கசியும். மூடிய பிறகும் பலகை இடுக்கில் விரல் தண்டி தண்ணீர் வாய்க்கால் அடியில் ஊர்ந்துகொண்டே போகும். அந்தக் கசிவு யார் முறையிலும் சேராது, மீராப் கணக்கிலும் வராது, கடைமடையில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு அது. நல்ல தச்சன் வந்து அடைத்துத் தரட்டுமா என்று கேட்டால், பலகை நனைந்தால் தானே உப்பிக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதைப் பற்றி மட்டும் வாயால் பேசக் கூடாது. வாங்குகிறவள் நன்றி சொன்னால் அது பிச்சை ஆகிவிடும், கொடுக்கிறவன் சொல்லிக் காட்டினால் அவன் தண்ணீர் ஹராம் ஆகிவிடும் என்பார்கள். உன் இரும்பு மதகு ரப்பர் வைத்து ஒரு சொட்டு விடாமல் மூடுகிறது. வீணாகிற தண்ணீர் மிச்சம் என்று நீ போனில் பெருமையாகச் சொன்னாய், நாங்களும் மாஷா அல்லா என்றோம். அந்த மிச்சத்தில்தான் சனோபர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்று அன்றைக்கு ஒருத்தரும் நினைக்கவில்லை. பிறகு நினைத்தவர் உன் அப்பா. உன்னிடம் கேட்டால் கசிவைப் பற்றிப் பேச வேண்டும், பேசினால் வழக்கம் கெடும், பேசாவிட்டால் அவள் கொல்லை போகும். அந்த மனுஷனுக்கு அதற்கு மேல் புத்தி ஓடவில்லை, கம்பியைப் பிடுங்கிக்கொண்டு போய் அங்கே நட்டுவிட்டார். கடைசியில் பழியைத் தூக்கி மெஷின் தலையில் போட்டார், அது எதிர்த்துப் பேசாது பாரு.

நான் என்ன செய்தேன் என்றால், மறுநாள் அவர் தொழப் போன நேரத்தில் கம்பியைப் பிடுங்கிக் கழுவி, பழைய இடத்திலேயே, பெரிய மரத்தடியில் நட்டுவிட்டேன். அந்தத் துண்டையும் அவிழ்த்து அலசிக் கொடியில் போட்டேன், அவர் கண்ணில் படட்டும் என்று. பட்டது. அன்று சாயங்காலம் ஆளைக் காணோமே என்று பார்த்தால் இரண்டு கைகளிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு கடைமடைப் பக்கம் போகிறார், அந்த இடுப்பை வைத்துக்கொண்டு. "எங்க போறீங்க" என்றேன். "கழுதைக்குத் தண்ணி" என்றார். நம்மிடம் கழுதை ஏது மகனே. தினமும் அந்த இல்லாத கழுதைக்குத் தண்ணீர் போகிறது, ராத்திரி முழுக்க நான் அவர் இடுப்புக்கு ஆட்டுக்கொழுப்புத் தேய்க்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் ஒரு நாள் வாளியோடு விழுந்துவிடுவாரோ என்று பயம், அவர் பொய்யனாகவும் நீ கோபக்காரனாகவும் அப்படியே ஆளுக்கொரு தேசத்தில் காலம் தள்ளிவிடுவீர்களோ என்று அதைவிடப் பயம். உன் அப்பா வாயைத் திறந்து வா என்று சொல்ல மாட்டார், அந்த நாக்கை எனக்குத் தெரியும்.

வழக்கத்தை மீறி இதை எழுதிவிட்டேன், பாவம் என்றால் என் கணக்கில் இருக்கட்டும். நாளைக்கு வாய்க்கால் முழுக்க உன் மதகு வரத்தான் போகிறது, மமசோலி எத்தனை கேலி செய்தாலும் வரும், ஆள் இல்லாத ஊருக்கு வேறு வழி இல்லை. கம்பி தான் நிற்கிற மண்ணுக்கு மட்டும்தான் பேசும். பக்கத்துக் கொல்லைக்காக அது கேட்காது, அதனால் நான் கேட்கிறேன். மதகு செய்கிறவர்களிடம் சொல்லிக் கசிவதற்கு ஒரு இடம் வைக்கச் சொல். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அது வரைக்கும் நீ போனில் விரல் அகலம் திறந்து வை, ஒரு நாளும் முழுக்க மூடாதே. கொல்லைக்குக் கண்ணாடி போடுவது பற்றி நீ நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துக் கேள், அப்போது பதில் சொல்கிறேன். அப்பாவிடம் கம்பியைப் பற்றி மூச்சு விடாதே. இடுப்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், அவருக்கு அது போதும்.

அல்லாஹ் உன் கைக்கு பரக்கத் கொடுக்கட்டும், உன்னைக் கண் திருஷ்டியிலிருந்து காக்கட்டும், நீ நம் வாசலில் செருப்பைக் கழற்றுகிற நாளை நான் பார்க்கும்படி செய்யட்டும். கூடாரத்துக்குள் வேர்த்து நனைந்துவிட்டு அப்படியே குளிரில் வெளியே போகாதே, நெஞ்சைத் துணியால் கட்டிக்கொள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை நிகோராவை நினைத்துக்கொள்.

பதில் எழுத வேண்டாம். தினமும் காலையில் முற்றம் பெருக்கும்போது வாய்க்காலைப் பார்ப்பேன். இப்போது கம்பியைச் சுற்றி ஈரம் இருக்கிறது, மதகு திறக்க ஒரு காரணமும் இல்லை. என்றைக்கு வாய்க்கால் அடியில் விரல் தண்டி தண்ணீர் ஊர்ந்து போகிறதோ அன்றைக்கு நீ இதைப் படித்துவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன். உன் அப்பாவும் பார்ப்பார். "பாத்தியா, உன் மகன் மெஷின் மறுபடியும் கெட்டுப்போச்சு" என்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அவர் கையிலிருந்து வாளியை வாங்கி வைத்துவிடுவேன்.

உன் வரவுக்கு வாசலைப் பெருக்கிக்கொண்டிருக்கும்
உன் அம்மா சபோஹத்
ஓகாரிக் கிராமம்