விரிப்பின் மேல்தான் படுக்கிறேன், மச்சாள்

மச்சாள்,

இந்த மடலில் வருவன பின்வருமாறு:

1. இன்று நம் பேத்தி ஜெனிற்றா என் கட்டிலை விரித்துவிட்டுப் போன விதம்.
2. பட்டமா, பயிற்சிக் கல்லூரியா என்று நாம் இருவரும் பட்ட பாடு.
3. பட்டம் பெற்ற தாதி ஒருத்தி வேலையின்றி வீட்டில் இருந்த காலம்.
4. வார்ட்டில் படுத்துக்கொண்டு நீங்கள் இரண்டு பக்கமும் பேசியது. (இதை மெதுவாகவே எழுதுவேன்.)
5. இப்போதைய நிலைமை.

இப்படி இலக்கமிட்டு எழுதுவதைக் கண்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது தெரியும். "அத்தானுக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல்ல தலையங்கம் போட்டிட்டுத்தான் நடுங்குவார்." கச்சேரியில், அந்த அரசாங்கக் கந்தோரில், லிகிதராக இருந்த காலத்துப் பழக்கம். இலக்கம் போடாமல் எழுதினால் பாதி வழியில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிடுகிறது.

முதலாவது. காலைப் பூசைக்குப் போனவன், பங்குச் சபைக் கூட்டத்தில் அகப்பட்டு, சந்தையில் மீனும் வாங்கிக்கொண்டு வீடு சேர மதியம் திரும்பிவிட்டது. ஜெனிற்றா வேலைக்குப் போய்விட்டாள். சேட்டைக் கழற்றிக் கட்டிலில் போடப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. கால்மாட்டு மூலைகள் இரண்டும் சரிவாக மடித்து மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தன. சேட்டைக் கதிரையில் போட்டேன்.

அது உங்களுடைய மூலை, மச்சாள். பெரியாஸ்பத்திரி வார்ட்டுகளில் தாதியாக ஆயுள் முழுவதும் மடித்த மூலை. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கை சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு மேசை விரிப்பை அப்படித்தான் மடித்தீர்கள். நத்தார் கேக் பெட்டியும், கொழும்புக்கு அனுப்பும் கருவாட்டுப் பார்சலும் அதே மூலையோடுதான் வெளிக்கிட்டன. "மூலையைப் பாத்தா ஆர் விரிச்சதெண்டு சொல்லுவன்," என்பது உங்கள் பெருமை.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்று வந்து கட்டிலை விரித்துவிட்டுப் போனீர்கள். அந்த மடிப்பைக் குலைக்க எனக்கு மனம் வரவில்லை. விரிப்பின் மேலேயே, கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நேராகப் படுத்து நடுங்கினேன். காலையில் வந்து பார்த்துவிட்டு, "அத்தான், பெட்சீற் போர்க்கிறதுக்கு. உங்களைப் பார்வைக்கு வைக்கிறதுக்கு இன்னும் காலம் கிடக்கு," என்றீர்கள். இன்று மத்தியானமும் மேலேதான் படுத்தேன். பழக்கம்.

இரண்டாவது. என்னோடு தங்கிப் படித்த ஜெனிற்றாவுக்கு உயர்தரப் பெறுபேறு வந்து, ஒரே கிழமையில் இரண்டு இடத்திலிருந்தும் அழைப்பு வந்தது. ஒன்று அரசாங்கத்தின் தாதியர் பயிற்சிக் கல்லூரி, மற்றது தாதியியல் பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழகம். ஒன்றைப் பிடித்தால் மற்றதை விடவேண்டும். அவளுடைய தகப்பன் தலைமன்னாரிலிருந்து தொலைபேசியில், "மாமா, நான் கடலுக்குப் போறவன். நீங்கள் படிச்சனீங்கள், நீங்களே ஒரு முடிவைச் சொல்லுங்கோ," என்றார். கந்தோரில் நான் ஒரு முடிவும் எடுத்தவன் அல்லன். மற்றவர்கள் முடிவெடுக்க வசதியாகத் தாள்களை அடுக்கி வைத்தவன்.

சனிக்கிழமை பின்னேரம் உங்கள் வளவிலிருந்து வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்து, கேட்காமலே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தீர்கள்.

"இதில யோசிக்க என்ன கிடக்கு? ரெயினிங் ஸ்கூல். மூண்டு வருசம். படிக்கேக்கயே மாசாமாசம் கையில காசு. முடிய நியமனம். வேற என்ன வேணும்?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பட்டத்தின் பக்கம் பேசினேன். பட்டம் இருந்தால் நாளைக்குப் படிப்பிக்கப் போகலாம், மேற்படிப்புக்குப் போகலாம், வெளிநாட்டிலும் மதிப்பு என்றேன்.

"நாளைக்கு எல்லாம் சரி. இண்டைக்கு? நாலு வருசம் படிச்சிட்டு அரசாங்கம் எப்ப கூப்பிடும் எண்டு வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? கூப்பிட்டாலும் டிகிரிக்காரியும் ரெயினிங் ஸ்கூல்காரியும் ஏறுற முதற்படி ஒண்டுதான். நீங்களும் டிகிரிதானே அத்தான். எடுத்துப்போட்டு என்ன செய்தனீங்கள்? கச்சேரியில தேத்தண்ணி வந்திட்டுதா எண்டு பாத்தனீங்கள்."

ஜெனிற்றா உள்ளே நின்று சிரித்தாள். எங்கள் ஊர்த் தெருவெல்லாம் திரியும் கழுதைகளில் ஒன்று வாசலில் நின்று கத்தியது. "அது டிகிரி எண்டுது," என்றீர்கள்.

நீங்கள் போன பிறகு நன்றாக யோசித்தேன். பட்டம் முடித்து வேலை வராமல் வீட்டில் இருந்த என் இளமைக்காலம் நினைவுக்கு வந்தது. "தம்பி இப்ப என்ன செய்யிறீர்?" என்ற கேள்விக்குப் பயந்து, உச்சி வெயிலில் தெருவில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துச் சந்தைக்குப் போய் வருவேன். அழுகல் மீன்தான் கிடைக்கும். அந்தப் பிள்ளைக்கும் அது வரவேண்டுமா? நீங்கள் சொன்னதே சரி என்ற முடிவுக்கு வந்தேன். மறுநாள் பூசை முடிந்ததும் அதைச் சொல்ல உங்களைத் தேடி ஓடி வந்தேன். நீங்களும் என்னைத் தேடித்தான் வந்துகொண்டிருந்தீர்கள்.

"மச்சாள், ரெயினிங் ஸ்கூல்தான் சரி."

"அத்தான், டிகிரிதான் சரி."

கோயில் வாசலிலேயே தொடங்கிவிட்டோம். நான் கையில் காசு, முடிய நியமனம் என்றேன். நீங்கள் படிப்பிக்கலாம், மேற்படிப்பு, வெளிநாட்டு மதிப்பு என்றீர்கள். முதல்நாள் நான் பேசியதைச் சொல்லுக்குச் சொல் நீங்களும், நீங்கள் பேசியதை நானும் பேசினோம். என் வாதங்கள் உங்கள் வாயில் எவ்வளவோ திறமாக ஒலித்தன என்பதை அப்போதே கவனித்தேன். ஆராவது பார்க்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்த்த இடைவெளியில் குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்: "எனக்கும் ரெயினிங் ஸ்கூலில படிப்பிக்கப் போக ஆசை இருந்தது, அத்தான். கேட்ட இடமெல்லாம் டிகிரி இருக்கோ எண்டாங்கள். நான் வார்ட்டோட நிண்டிட்டன்." இவ்வளவு காலம் பக்கத்து வளவில் இருந்தும் எனக்கு அது தெரியாது.

ஜெனிற்றா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "அம்மப்பா, இப்ப நீங்கள் எந்தப் பக்கம்?"

உண்மையைச் சொன்னால், அந்த நேரம் மறுபடியும் மாறத் தொடங்கியிருந்தேன்.

"நான் கம்பஸுக்குப் போறன்," என்றாள் அவள். "இல்லாட்டி நீங்கள் ரெண்டு பேரும் திங்கட்கிழமையும் மாறுவியள்."

அவளோடு ஒன்றாகப் படித்த பவித்திரா, திருக்கேதீஸ்வரப் பக்கத்துப் பிள்ளை, பயிற்சிக் கல்லூரிக்குப் போனாள். நல்லூழோ என்னவோ, அவளுக்குப் படித்த தாத்தாவும் நேர்ஸ் பாட்டியும் இருக்கவில்லை.

மூன்றாவது. ஜெனிற்றா பட்டத்தோடு வந்தபோது பவித்திரா எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வெள்ளை உடுப்புப் போட்டுவிட்டாள். எங்கள் வாசலால்தான் ஸ்கூட்டியில் போவாள். கை காட்டுவாள். ஜெனிற்றாவும் கை காட்டுவாள், காட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். கொஞ்சநாள் கழித்து ஒன்றைக் கவனித்தேன். பிள்ளை உச்சி வெயிலில் சந்தைக்குப் போய்வருகிறாள். அந்த நேரத்து மீனைப் பற்றி எனக்குத் தெரியும், பேசாமல் சாப்பிட்டேன்.

நகரத்திலுள்ள ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் போய்க் கேட்டாள். "டிகிரி வைச்சிருக்கிறவ இஞ்ச நிக்கமாட்டா. கவன்மெண்ட் கூப்பிட்ட உடன ஓடிடுவா," என்று அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பவரிடம் கேட்டாள். பட்டம் நல்லது, வார்ட்டில் வேலை செய்த அனுபவம் எங்கே என்றார். "இஞ்ச கூடிப்போச்சாம், அங்க காணாதாம்," என்று சொல்லிவிட்டு மதிலோர நிழலில் நின்ற கழுதைகளைப் பார்த்தாள். "உவையும் நியமனத்துக்குத்தான் நிக்கினமோ தெரியாது, அம்மப்பா." சிரிக்கத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். பிறகு அறைக்குள் போய், கோயில் வாசலில் இன்னும் கொஞ்சம் உரத்துப் பேசியிருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது. அந்தக் காலத்தில்தான் உங்களுக்கு முடியாமல் வந்து, நீங்கள் ஆண்ட வார்ட்டிலேயே கட்டில் போட்டார்கள். நோயாளியாக இருக்க உங்களுக்குத் தெரியவில்லை. பவித்திராதான் கடமையில் இருந்தாள். "இதென்ன மூலை, பிள்ளை? மீன் சுத்தின பேப்பர் மாதிரிக் கிடக்கு. அவிழ். திரும்ப மடி. நான் படுத்திருக்கிறன் எண்டு பாக்காத." அவள், "ஓம் மிஸி, ஓம் மிஸி," என்று மூத்த தாதியைக் கூப்பிடும் மரியாதையோடு உங்களைச் சுற்றி ஓடினாள்.

பக்கத்துக் கட்டில் அம்மாவிடம், "என்ர பேத்தி டிகிரி முடிச்சவ. இனி எல்லா இடமும் டிகிரிதான் கேப்பினம்," என்று பெருமை பேசினீர்கள். அந்த அம்மா கண்ணயர்ந்ததும் ஜெனிற்றாவைக் கிட்டக் கூப்பிட்டு, "அப்பவே சொன்னனான், ரெயினிங் ஸ்கூலுக்குப் போ எண்டு," என்றீர்கள்.

"எப்ப சொன்னனீங்கள், சின்னம்மம்மா? சனிக்கிழமையோ, ஞாயிற்றுக்கிழமையோ?"

"ரெண்டு நாளும் சொன்னனான். அத்தானைக் கேட்டுப் பார்."

நான் ஓம் என்றேன். உங்களிடம் நான் வேறென்ன சொல்லியிருக்கிறேன்?

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. எல்லாரையும் வெளியே அனுப்புவது பவித்திராவின் வேலை. உங்கள் கட்டிலை மட்டும் கடைசிவரை விட்டுவைத்தாள். பிறகு வந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஜெனி, மணி அடிச்சிட்டுதடி," என்றாள். ஜெனிற்றா சாப்பாட்டுக் கூடையை எடுத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள். தாதியாகப் படித்தவள் தாதி ஒருத்தியால் வார்ட்டைவிட்டு வெளியே அனுப்பப்படுவதை நான் பார்க்காமல் ஹோர்லிக்ஸ் போத்தலின் லேபலை வாசித்தேன். நீங்கள்தான் பேசினீர்கள்.

"போ, பிள்ளை. வெளியால போகச் சொல்லத் தெரிஞ்சவள்தான் நேர்ஸ். நீயும் ஒருநாள் ஆரையேன் துரத்துவாய். நான் இருந்து பாப்பன்."

நீங்கள் இருந்து பார்க்கவில்லை.

ஐந்தாவது. உங்கள் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கொஞ்சக் காலத்தில் ஜெனிற்றாவுக்கு நியமனம் வந்தது. இதே ஆஸ்பத்திரிதான். நான் மெழுகுதிரி கொளுத்தினேன். ஆனால் முதற் கிழமை அவள் ஒருநாளும் சிரித்துக்கொண்டு வரவில்லை. "நாலு வருசம் படிச்சனான் அம்மப்பா. அங்க எது எங்க கிடக்கெண்டு தெரியேல்ல. கை நடுங்குது. ஊசி போடேக்க அந்த ஐயா என்ர கையைப் பாத்திட்டு, பிள்ளை புதுசோ எண்டு கேக்கிறார்." சேவையில் பவித்திரா அவளுக்கு மூத்தவள். கேட்க வெட்கம். வேலையை விட்டுவிடுவாளோ என்றுகூடப் பயந்தேன், ஆனால் பயப்படுவது என் வழக்கம் என்பதால் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஒருநாள் ஸ்கூட்டி எங்கள் வாசலால் போகாமல் உள்ளே வந்தது. பவித்திரா வேலை செய்தபடியே பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறாளாம். மேலே போகவேண்டுமென்றால் அது வேண்டுமாம். ஆய்வு செய்து எழுதும் பாடம் ஒன்றும் விளங்கவில்லை, ஜெனி சொல்லித் தரவேண்டும் என்றாள்.

இப்போது எங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு தலைகள். ஒருத்தி ஆய்வு சொல்லிக் கொடுக்கிறாள். மற்றவள் எந்த நோயாளியிடம் எப்படிப் பேச்சுக் கொடுத்தால் ஊசிக்குக் கையைத் தருவார் என்று சொல்லிக் கொடுக்கிறாள். இடையில் சண்டை வேறு.

"நீ கெட்டிக்காரி. முதலே டிகிரிக்குப் போனாய்," என்கிறாள் பவித்திரா.

"நீயடி கெட்டிக்காரி. ரெயினிங் ஸ்கூலில கை பழகிட்டுது," என்கிறாள் ஜெனிற்றா.

நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு நீங்கள் வழக்கமாக இருந்த கதிரையைப் பார்த்தேன். நாம் ஒரு இரவில் மாறினோம். இவர்கள் படித்துப் பட்டு மாறியிருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இத்துடன் முடித்து, உங்கள் மூலை உங்கள் பேத்தியின் கைக்கு வந்துவிட்டது என்று ஒரு நல்ல வரியும் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் இப்போது ஜெனிற்றா வேலையால் வந்துவிட்டாள். மெச்சலாம் என்று கட்டிலைக் காட்டினேன்.

"நானோ?" என்று சிரித்தாள். "நான் மடிச்சா காலையில அவிழ்ந்திடும், அம்மப்பா. இது பவித்திரா. நைட் டியூட்டி முடிச்சு நேர இஞ்ச படிக்க வந்தவள். கண் சொருகுது எண்டு உங்கட கட்டிலில கொஞ்சநேரம் கிடந்திட்டு விரிச்சுப்போட்டுப் போனவள். சின்னம்மம்மா கடைசி வரைக்கும் அவளைத்தானே போட்டு வாட்டினவ. நான் மணி அடிச்ச உடன வெளியில."

சொல்லிவிட்டுச் சற்று நேரம் மூலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நாளைக்கு எனக்குப் பழக்கிறன் எண்டவள். இண்டைக்கு நான் நேரம் முடிஞ்சும் நிண்ட ஒரு சனத்தைத் துரத்தினனான், அம்மப்பா. கை நடுங்கேல்ல," என்றாள்.

ஆகவே, மச்சாள், முதலாவது பிழை. மூலையைப் பார்த்தே நீங்கள் சொல்லியிருப்பீர்கள், எனக்குத் தெரியவில்லை. அதை வெட்டி எழுதினால் மற்ற இலக்கங்களும் ஆட்டங்காணும் என்பதால் அப்படியே விடுகிறேன். நாளைக்கு அவர்கள் பழக வரும்வரை மடிப்பும் குலையாமல் இருக்கவேண்டும். இன்றிரவும் விரிப்பின் மேல்தான் படுக்கிறேன்.