மூலக்குளத்தில் படித்த பொருளாதாரம்

புத்தகங்கள் வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் பிரித்தால் புதுத்தாள் வாசனை குப்பென்று வருகிறது. எம்.ஏ. பொருளாதாரம், முதல் வருடம். ஆமாம், நான்தான் சேர்ந்திருக்கிறேன். இன்று முதல் வகுப்புக்குப் போய்வந்தேன். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. நீ இல்லை என்பதும் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

தொலைதூரக் கல்வி பி.ஏ.வின் முதல் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்தான் உன்னைப் பார்த்தேன். முப்பத்தெட்டு வயதில் மாணவியாக உட்கார்ந்திருக்கிறோமே என்று நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் ஒடுங்கியிருந்தேன். நீ நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "பாயம்மா, பேனா ஒண்ணு குடு, வூட்லயே வச்சிட்டு வந்துட்டேன்" என்றாய். அன்றிலிருந்து கடைசி வரை உனக்கு நான் பாயம்மாதான்.

நீ பிள்ளைச்சாவடிக்காரி. விடிகாலையில் கரையில் ஏலம் எடுத்து, ஷேர் ஆட்டோவில் கூடையை ஏற்றிக்கொண்டு வந்து மூலக்குளத்தில் ரோட்டோரம் மீன் விற்பவள். நான் வில்லியனூரில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எங்கள் பள்ளியில் புது விதி போட்டிருந்தார்கள். அலுவலகப் பொறுப்பில் இருக்கப் பட்டம் வேண்டுமாம். பன்னிரண்டாவதோடு நின்றவள் என்பதால், ஒன்பது வருடமாகப் பார்த்த அதே வேலை என் கையை விட்டுப் போக இருந்தது. எனக்குத் தேவைப்பட்டது அந்தக் காகிதம் மட்டுமே. மறைக்காமல் உன்னிடம் சொன்னேன்.

"பேப்பர் தான்னா நான் மீன் மடிச்சுக் குடுக்கறனே, அதுவே போதும்" என்று சிரித்தாய். நீ எதற்குப் படிக்கிறாய் என்று கேட்டேன். "வெல ஏறுது, எறங்குது. இருவது வருசமா தெனம் பாக்கறேன். ஏன் ஏறுதுன்னு எவனோ புக்கு எழுதி வச்சிருக்கான். அவன் இன்னா சொல்றான்னு பாக்கணும்."

இரண்டாவது வகுப்பு நினைவிருக்கிறதா? பேராசிரியர் பலகையில் இரண்டு கோடுகளைக் குறுக்கே போட்டு, விலை குறைந்தால் வியாபாரி விற்பனைக்குக் கொண்டுவரும் சரக்கைக் குறைத்துக்கொள்வார் என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டோம். நீ எழுந்து நின்றாய்.

"மீன எப்பிடி சார் கொறைக்கறது? காலைல எடுத்தாந்தாச்சு. ராத்திரிக்குள்ள நாறிப்பூடும். வெல கொறைஞ்சாலும் வித்துதான ஆவணும்?"

வகுப்பு சிரித்தது. எனக்கு உன் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்க வேண்டும் போலிருந்தது. பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க கேக்கறது அஞ்சாவது பாடம்மா. புத்தகத்துலயே மீனைத்தான் உதாரணமா போட்டிருக்கு" என்றார். நீ அங்கேயே பக்கங்களைப் புரட்டித் தேடினாய். கண்டுபிடித்ததும் என் தொடையில் ஓங்கி ஒரு தட்டு. "பாயம்மா, நம்ம மீனு புக்குல கீது."

ஆனால் அந்த வருடப் பரீட்சையில் நான் அறுபத்திரண்டு வாங்கினேன். நீ முப்பத்து நான்கு, ஃபெயில். ஐந்தாவது பாடத்தின் கேள்விக்கு ஏலத்தைப் பற்றி ஏழு பக்கம் எழுதிவிட்டு, மற்ற கேள்விகளுக்கு நேரமில்லாமல் எழுந்து வந்திருக்கிறாய். நான் கைடில் நட்சத்திரம் போட்ட கேள்விகளை மனப்பாடம் செய்து கொட்டிவிட்டு வந்திருந்தேன். இரண்டே நாளில் ஒரு வரிகூட என் தலையில் இல்லை. மார்க் வந்த அன்று சாயங்காலம் காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாய். மெதுவாகச் சொன்னாய்: "எனுக்குத் தெரியுது. ஆனா அவங்களுக்குத் தெரியற மாதிரி சொல்லத் தெரியல."

அதற்கப்புறம்தான் நாம் படித்தோம். பள்ளி விட்டதும் பஸ் ஏறி மூலக்குளத்தில் வந்து இறங்குவேன். நான் செல்போனில் மணி பார்க்க, நீ ஒரு கேள்விக்கு இருபது நிமிடம் என்று எழுதிப் பழகினாய். "போதும், அடுத்ததுக்குப் போடி" என்று நான் விரட்டுவேன். பதிலுக்கு என் கைடைப் பிடுங்கி உன் மடியில் வைத்துக்கொள்வாய். "மூடிட்டு உன் வாயால சொல்லு. நீ வில்லியனூர்ல பாத்தத வச்சு சொல்லு." எனக்கு அழுகை வரும். திக்கித் திக்கி, என் வீட்டுக்காரரின் பாத்திரக்கடையில் சில்வர் குடம் வாங்க வந்தவர்கள் விலையைக் கேட்டுவிட்டு பிளாஸ்டிக் குடத்தோடு போன கதையைச் சொன்னேன். "அதான் பாடம்" என்றாய். என் வாழ்க்கையில் ஒரு பாடம் புரிந்த முதல் நாள் அது. பஸ்ஸில் வீடு வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கடைசி வருடம் ஒரு தாளில் கைடில் இருந்த கேள்வி ஒன்றுகூட வரவில்லை. பழைய நானாக இருந்தால் வெறுந்தாளைக் கொடுத்திருப்பேன். அன்று எழுதினேன், கை வலிக்க எழுதினேன். நீயும் முதல் வருடம் தவறவிட்ட தாளைச் சேர்த்து எழுதி முடித்தாய். இருவரும் தேறினோம். என் வேலை தங்கியது.

மூலக்குளத்து மீன்காரிகளை உள்ளே தள்ளி ஒரு கட்டடத்துக்கு மாற்றும் பேச்சு அப்போதுதான் மறுபடி வந்தது. வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்புகிறவர்கள் தானே சாயங்காலம் மீன் வாங்குகிறார்கள், உள்ளே போனால் யார் வருவார்கள் என்று மனு எழுதி, கீழே உன் பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ. என்று போட்டு நகராட்சி ஆபீசில் கொடுத்தாய். ரோட்டோரத்திலேயே இடம் ஒதுக்கினார்கள். அதைச் சொல்ல வந்த நீ சந்தோஷமாக இல்லை.

"நாற்காலி போட்டு ஒக்கார வச்சாங்க, பாயம்மா. படிக்கறதுக்கு முன்னாடி இதே பேச்சத்தான் அங்க நின்னுக்கினு பேசனேன். அப்ப ஒருத்தனும் காது குடுக்கல."

போன மழையில் காய்ச்சல் வந்து ஆறே நாளில் போய்விட்டாய். உன் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பட்டத்தைப் பார்த்தபடி நின்றேன். இனி யாரோடு படிப்பது என்றுதான் தோன்றியது.

எம்.ஏ. படித்தால் எனக்குச் சம்பளம் ஏறாது. பள்ளியில் கேட்டார்கள், வீட்டிலும் கேட்டார்கள். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது என்றேன். சொன்ன எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இன்று வகுப்பில் படிப்பு ஏற ஏற வருமானம் ஏன் ஏறுகிறது என்று நடத்தினார்கள். படித்தவருக்குத் திறமை கூடுகிறது, அதனால் என்றார் பேராசிரியர். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுந்தேன். "சார், ஒருத்தங்க ஒரே விஷயத்தைப் பட்டம் வாங்கறதுக்கு முன்னாடி சொன்னப்ப யாரும் கேக்கல. வாங்கின பிறகு சொன்னப்ப கேட்டாங்க. அவங்களுக்கு விஷயம் முன்னாடியே தெரியும். அப்ப மதிப்பு படிப்புக்கா, பட்டத்துக்கா?"

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "உக்காருங்கம்மா. பெரிய பெரிய ஆளுங்க இன்னும் அடிச்சுக்கிட்டு இருக்கற கேள்வி இது. இன்னைக்கு இதையே பேசுவோம்" என்றார். முழுதாக ஒரு மணி நேரம் வகுப்பே பேசியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

முடிந்து வெளியே வரும்போது பேராசிரியர் கேட்டார். "நீங்க சொன்னீங்களே, அவங்க யாரு?"

"என்கூடப் படிக்கறவங்க, சார்" என்றேன். படிச்சவங்க என்று சொல்ல வாய் வரவில்லை.