தர்ஷியின் மண் கேத்தல்

எனக்குப் பின்னால் பிறந்து, எனக்கு முன்னால் போய்விட்ட என் தர்ஷிக்கு,

உன் பயணப்பை வந்து சேர்ந்துவிட்டது. உன் கருமாதி முடிந்த நாலாம் நாள் நில்மினி கொண்டுவந்தாள். ஜப்பானில் அந்த முதியோர் இல்லத்தில் உன்னோடு ஒரே அறையில் இருந்த அதே நில்மினிதான். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி, மழையில் நடந்தே நம் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்தாள். “அம்மே” என்று சிங்களத்தில் அழைத்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

உன் இரண்டு கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் அந்தக் கேத்தல் இருந்தது. தேயிலை ஊறவைக்க நீ வாங்கியது. உள்ளங்கையில் அடங்கிவிடும். பிடி பின்பக்கம் இல்லை, கரண்டிக் காம்பு போல பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது. மூக்கு தொடங்கும் இடத்தில், உள்ளே, ஊசியால் குத்தியது போல சின்னச் சின்னத் துளைகள். அடியில் அதைச் செய்தவரின் கட்டைவிரல் பதிந்திருக்கிறது. அத்தனை தூரம் வந்தும் ஒரு கீறல் இல்லை.

அதை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று வாங்கிய அன்றே எனக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தாய். “அக்கா, இது நம்ம வீட்டுக் கோப்ப மாதிரி இல்ல. பூச்சு பூசாத மண்ணு. எதப் போட்டாலும் உள்ள இழுத்துக்கும். சோப்பு போடவே கூடாது, சுடுதண்ணியில அலசுனா போதும். பழைய எலைய எடுக்கத் தட்டக் கூடாது, மூக்கு ஒடஞ்சிரும். மூடிய கழட்டி வச்சி நல்லாக் காய விடுங்க. ஈரத்தோட மூடுனா பூஞ்சணம் புடிக்கும். பால் மட்டும் ஊத்திராதீங்க! லீவுல வந்து, அம்மா பறிச்ச கொழுந்துலயே பிளேன்டீ ஊத்தித் தர்றேன்.”

அந்தப் பதிவின் கடைசியில், “கொஞ்சம் தல வலிக்குது, தூங்கப் போறேன்” என்றாய். எத்தனை நாளாய் வலித்தது தர்ஷி? மூளையில் ரத்தக்கசிவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதானே எங்களுக்குத் தெரிந்தது. பயப்படுவோம் என்றா சொல்லாமல் இருந்தாய்?

அந்தப் பதிவை நான் அம்மாவுக்குப் போட்டுக் காட்டவில்லை. உன் குரலை அவரால் தாங்க முடியாதென்று நானே முடிவு செய்துகொண்டேன். போனைத் தலையணைக்கடியில் வைத்து நான் மட்டும் கேட்டேன்.

நில்மினி போன மறுநாள், நான் படிப்பிக்கும் பாலர் பாடசாலை விட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா மலைத்தண்ணீர் விழும் பீலிக்குக் கீழே குந்தியிருந்தார். கையில் உன் கேத்தல். தேங்காய்த் தும்பில் சவர்க்காரம் தேய்த்து உள்ளும் புறமும் கழுவிக்கொண்டிருந்தார். துளை ஒவ்வொன்றிலும் நுரை.

கத்திவிட்டேன். “என்ன வேல பாத்துட்டீங்க? அவ வச்சிட்டுப் போனது இது ஒண்ணுதான். அதையும் கெடுத்துட்டீங்களே!”

அம்மா கேத்தலை மடியில் இறுக்கிக்கொண்டார்.

“அவ வந்த பொட்டியத் தொறக்கவே விடலையே புள்ள. கண்ணாடி வழியாத்தான மொகத்தப் பாத்தேன். எம்புள்ளைக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டல. அவ கை பட்டதயாவது கழுவுறேனே...”

ஈரத் தரையிலேயே பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு போனை எடுத்து உன் பதிவைப் போட்டேன். அம்மா அசையாமல் கேட்டார். “சோப்பு போடவே கூடாது” என்று நீ சொன்ன இடத்தில் நுரைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். “இத ஏண்டி எங்கிட்ட முன்னாடியே சொல்லல?” என்று மட்டும் கேட்டார்.

நில்மினியைப் போனில் கூப்பிட்டுக் கேட்டோம். சுடுதண்ணீர் நிரப்பி ஆறவிட்டுக் கொட்டு, திரும்பத் திரும்பச் செய், பிறகு தேயிலைச் சாயத்தில் ஊறவை, வாடை போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றாள். ஒன்பது நாள் செய்தோம். மலையிலிருந்து வந்ததும், கொழுந்துக் கறை படிந்த கையோடு அம்மா அடுப்படிக்குத்தான் போவார். தண்ணீர் சுட்டதும், குழந்தைக்குத் தலை முழுக்காட்டுவது போல மெதுவாய் ஊற்றுவார்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பிளேன்டீ ஊற்றினோம். தொண்டையில் இறங்கும்போது சவர்க்கார வாடை இன்னும் லேசாய் இருந்தது. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கோப்பையைக் காலி செய்துவிட்டு, “இன்னங்கொஞ்சம் ஊத்து” என்றார். நீ போன பிறகு அம்மா எதையாவது இரண்டாந்தடவை கேட்டது அன்றுதான். பிறகு வெகுநேரம் அழுதார். நான் தடுக்கவில்லை.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். எனக்கும் கொஞ்ச நாளாய்த் தலை வலிக்கிறது. நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பயந்துதான் போனார். ஆனாலும் உடனே எழுந்து, செவ்வாய்க்கிழமை வேலைக்கு வர முடியாதென்று கங்காணியிடம் சொல்லிவிட்டு வந்தார். அன்று இரண்டு பேருமாய் பிரஷர் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். டாக்டர் என்ன சொன்னாலும் அம்மா என் பக்கத்தில் இருந்து கேட்பார். இனி அவருக்குத் தெரியாமல் எனக்கு ஒரு வலியும் இருக்காது தர்ஷி. இது சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
அக்கா