கிணற்றில் இறங்கிய கம்பி

வடகரப்பதி
தாது வருஷம் சித்திரை 22, திங்கள்

அன்புள்ள மகன் ஈஸ்வரமூர்த்திக்கு அப்பா எழுதுவது. வெயில் கடுமை என்பதைத் தவிர இங்கே யாருக்கும் குறையில்லை, இலங்கை மலைக்குளிர் உன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள். மற்றது பிறகு. நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு நீ தட்டியது இங்கே கேட்டது.

பிஸ்கட் டின்னுக்குள் நீயே செய்த மூன்று வாட் கம்பியில்லாத் தந்திப் பெட்டியை மலைமேல் தூக்கிப்போய்த் தட்டுவதாகவும், காக்காய்க்குத் தந்தி அடிக்கிறவன் என்று தேயிலைத் தொழிற்சாலையில் சிரிப்பதாகவும், சித்திரைக்குள் ஒருவராவது கேட்டதாக எழுதாவிட்டால் பெட்டியைப் பிரித்து விற்றுவிடுவதாகவும் எழுதியிருந்தாய். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, விற்காதே. உன் மனதைத் தேற்ற நான் பொய் எழுதுவதாக நினைத்துவிடாமலிருக்க நீ அனுப்பியதை அப்படியே சொல்கிறேன். உன் அழைப்பெழுத்துகள் இரண்டு தடவை, பிறகு இங்கே மழை, கம்பி கற்பூர மரத்தில் கட்டியிருக்கிறது என்று இங்கிலீஷில் தட்டினாய். மழை என்ற சொல்லைத் தப்பாகத் தட்டி நிறுத்தித் திருத்தினாய். உன் தங்கை பொன்னாத்தாள் எழுத எழுத நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நீ தட்டுவதை இங்கே பிடிக்கிற பெட்டி, நீ அனுப்பிய படத்தைப் பார்த்து எல்லாம் அவள் செய்ததுதான். இரண்டு பனைமரத்துக்கு நடுவே அறுபத்தாறு அடி ஏரியல், கம்பி மரத்தைத் தொடாமலிருக்க இரண்டு பக்கமும் உடைந்த சோடா பாட்டில் கழுத்து, மூங்கில் குழாயில் செப்புக்கம்பி சுற்றி டியூனர். ஒரே வால்வு. ஆனாலும் மூன்று ஞாயிறு உன் சத்தம் மெல்ல வந்து, ஓர் எழுத்து முடிவதற்குள் நழுவிப்போனது. அந்தச் செப்புச் சுருளை நான்கு தடவை அவிழ்த்துச் சுற்றினாள். தவறு அவளுடையது அல்ல, என்னுடையது. பெட்டியிலிருந்து ஈரத்துக்கு இறங்கினால்தான் சத்தம் நிற்கும் என்று நீ எழுதிய பூமிக்கம்பியைக் கிணற்றுத் தண்ணீரைத் தொடும்படி அளந்து விட்டவன் நான், அளந்தது தை மாதத்தில். இப்போது தண்ணீர் கீழே போய்விட்டது, நம் பண்ணையாள் காளிச்சாமி விடியலிலிருந்து கவலைச் சால் பூட்டி மாடுகளை ஓட்டி இறைத்தால் எட்டு மணிக்கு இன்னும் ஒரு முழம் இறங்கும், கம்பி வெறுமனே தொங்கும். சென்ற வாரம் அவள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அப்பா நீங்க அளந்த கம்பி தண்ணியையே தொடறதில்லீங்க என்றாள். எனக்குக் கோபம் வந்தது, போய்ப் பார்த்தேன், தொடவில்லை. இறைப்பை ஒரு மணி நேரம் நிறுத்தச் சொன்னேன், காளிச்சாமி, ஏனுங்க கவுண்டரே, மாட்டுக்கும் ஞாயித்துக்கெழமை லீவுங்களா என்றான். பொன்னாத்தாள்தான், நிறுத்த வேண்டாங்க என்று சொல்லிக் கம்பியை நீட்டி, நுனியில் தேய்ந்த கலப்பைக் கொழுவைக் கட்டி அடித்தரை வரை இறக்கினாள். நேற்று மாடுகள் ஓடிக்கொண்டே இருந்தன, நீ ஓரெழுத்துக்கூட நழுவவில்லை.

நானூறு மைலுக்கு அப்பால் ஒரு பிள்ளை டின்னுக்குள் செய்ததை இந்தக் காட்டில் ஒரு பெண் மூங்கிலில் பிடித்தாள். இரண்டும் என் வீட்டுப் பிள்ளைகள். சந்தையில் இதை நான் மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன், நான்காவது ஆள் நான் வருவதைப் பார்த்து வேறு பக்கம் போய்விட்டான்.

அம்மாவும் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். இதுல எம்பட பையன் எங்க இருக்கறான் என்று கேட்டாள். இந்தச் சத்தமே அண்ணந்தானுங்கம்மா என்றாள் பொன்னாத்தாள். அதன்பின் நீ முடித்த பிறகும் அம்மா அதைக் கழற்றவில்லை.

மழையில் நனைந்த சட்டையோடு நிற்காதே. பழனி ஆண்டவன் உனக்குத் துணையிருந்து நீண்ட ஆயுசும் நல்ல பேரும் கொடுக்கட்டும். அங்கே சிரித்தவர்களுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. மறக்காமல் ஒன்று செய், இனி ஞாயிறுதோறும் எல்லாம் தட்டி முடித்தபின் மூன்று தடவை நீளமாக அழுத்து. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, அது தனக்கு என்று தெரிந்துகொள்வாள்.

உன் அப்பா,
ரத்தினசாமி