ரொட்டி வண்டியில் ஒரு மடி அடுக்களை

பிப்ரவரி 4, 1996. ஞாயிறு

காலையில் பனி. எட்டு மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். தெருவில் வண்டி கழுவல், மூன்றாவது முறை. இடுப்பு போய்விட்டது.

இதுவரை எழுதாததை எழுதி வைக்கிறேன். அக்கா ஒரு வேன் வாங்கியிருக்கிறாள். அடையாறில் மூடிவிட்ட ஒரு பேக்கரியின் ரொட்டி வண்டி. கூரை உயரம், உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். அதை ஒரு வீடாகக் கட்டி, அம்மாவையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு சித்திரைக் கடைசியில் பத்ரிக்குப் போவது திட்டம். ஓட்டுவது அவளே. கிண்டியில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் கம்பெனியில் படம் வரைகிறவள், சம்பளமில்லாத லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். எல்லாம் ஆயிற்று. வருகிறேன் என்று அம்மா மட்டும் இன்னும் சொல்லவில்லை. கேட்டால் "பாக்கலாம்." அம்மா அகராதியில் அதற்கு 'இல்லை' என்றுதான் பொருள், இத்தனை வருஷமாக.

ரயிலில் போனால் என்ன என்கிறார்கள் எல்லோரும். அம்மா வெளியில் சாப்பிட மாட்டாள். காபிகூட. குளித்து, யார் கையும் படாமல் உலர்ந்த மடிப்புடவையைக் கட்டி, தானே சமைத்தால்தான் சாப்பாடு. பம்பாயில் மாமா வீடுவரை போயிருக்கிறாள், மடியில் தூக்கு நிறையப் புளியோதரையோடு. அதற்கு மேல் புளியோதரை கெட்டுவிடும். அம்மாவின் உலகமும் அங்கேயே முடிகிறது. அப்பாவோ ஆடிட் வேலையில் ஸ்ரீநகர், ஷில்லாங், துவாரகை எல்லாம் பார்த்தவர். கண்ட இடத்தில் சாப்பிட்டவர். அது அம்மாவுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

எனக்கு இந்த மடி பிடிக்காது. காலேஜ் நாட்களில் அம்மாவோடு பெரிய சண்டை. யாரைத் தள்ளி நிறுத்துவதற்காக வந்த வழக்கம் இது என்று பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன், இன்றும் அதில் மாற்றமில்லை. இதற்குப் போய் ஒரு வண்டி கட்டுகிறாயே என்று அக்காவிடம் கேட்டேன். ஸ்பானரைக் கீழே வைக்காமல் சொன்னாள்: "நான் அவளை மாத்தப் போறதில்லடி. கூட்டிண்டு போகப் போறேன்."

வாளியை எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது கழுவல் ஏனென்றால், நேற்று அம்மா மாடி ஜன்னலிலிருந்து, யாரிடமும் இல்லை என்பது போல, "ரொட்டின்னா முட்டை போட்டிருப்பானே" என்றாள். அவ்வளவுதான். அக்கா மஞ்சள் கரைத்துவிட்டாள்.

பிப். 7, புதன்

தி.நகர் ஆபீஸில் நாள் முழுக்கப் புரூஃப். கண் எரிச்சல். திரும்பும்போது பஸ்ஸில் நிற்க இடமில்லை. செருப்பு வார் அறுந்தது. (தைக்கக் கொடுக்க வேண்டும்.)

ஆபீஸ் அலமாரியில் இருந்து பயணப் புத்தகங்கள் இரண்டு எடுத்து வந்தேன். மலை, நதி, சத்திரம், சாமியார், தத்துவம். வழியில் யார் சமைத்தார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை.

இன்று ஒன்றைப் பார்த்தேன். அம்மா அடுக்களையில் மேல் தட்டிலிருந்து அரிசி டின்னை எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா மோர் குடிப்பது போல வாசற்படியில் நின்றாள். அம்மா அந்தப் பக்கம் போனதும் சட்டென்று டேப்பை இழுத்தாள். தரையிலிருந்து அந்தத் தட்டு எவ்வளவு, அடுப்பு மேடை எவ்வளவு, கரண்டி மாட்டும் ஆணி எவ்வளவு. உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல்.

அக்கா என்னைவிட உயரம், அம்மாவோ எங்கள் இருவரின் தோளுக்கு. அந்த வண்டியில் எல்லாமே அம்மா கை எட்டும் உயரத்தில் வருகிறது. ஒருவரைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள நான் எப்போதாவது மெனக்கெட்டிருக்கிறேனா?

பிப். 9, வெள்ளி

மேகமூட்டம், மழை இல்லை. சாயங்காலம் தாஸ் வந்தார். அக்கா கம்பெனியில் வெல்டிங் பார்க்கிறவர், வேலை முடிந்து இங்கே வருகிறார். வாய் ஓயாது. இன்று வண்டியின் பின்கோடியில், கூரையை ஒட்டி ஒரு கம்பி வைத்தார். அம்மாவின் மடித்துணி உலர்த்த.

"இன்னா மேடம் இது, துணி காயப் போட இவ்ளோ உசரத்துல? எவன் கை எட்டும்?"

"எட்டக் கூடாது தாஸ். அதான் விஷயம். கோலால எடுத்துப்பா."

"அது சரி. ஆளுங்க படுக்க பெஞ்சு அவ்ளோண்டு, பொடவைக்கு மட்டும் தனி ரூமு. ஷோக்கா கீது உங்க வூடு."

அக்கா சிரித்தாள். அபூர்வம்.

இதுவரை முடிந்தவை:
இரண்டு பக்கமும் பெஞ்சு, கீழே பெட்டி.
அடுப்பு மேடை, சின்ன காஸ் சிலிண்டருக்குக் கூண்டு.
மேடைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி, தண்ணீர் ஏற்ற பாட்டரியில் ஓடும் குட்டி மோட்டார்.
சுவாமிக்கு ஒரு மாடப்பிறை. குலுங்கினாலும் படம் விழாதபடி முன்னால் பித்தளைக் கம்பி.
மோட்டாருக்கு மூடி: பாக்கி.

அப்பா பஞ்சாங்கத்தோடு இறங்கி வந்தார். செவ்வாய்க்கிழமை மாசி பிறக்கிறதாம், மாசியில் வீடு புகக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமையே பால் காய்ச்சிவிட வேண்டும்.

"இது வண்டின்னா?" என்றாள் அம்மா, மாடியிலிருந்து. "வண்டிக்கு எலுமிச்சம்பழம்தானே."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும் பண்ணிடலாம்."

பிப். 11, ஞாயிறு

வண்டி வடக்குப் பார்த்து நின்றது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், பின்கதவில் மாவிலைத் தோரணம். தெருவே வேடிக்கை பார்த்தது. அம்மா மடிப்புடவையில் ரோட்டோரமாக, யார் மேலும் படாமல் நின்றாள். ஏறவில்லை. அக்காவைக் காட்டி, "ஜயாவே காய்ச்சட்டும்" என்றாள்.

பால் கிழக்கே பொங்க வேண்டும். தெரு ஒரு பக்கம் சாய்வு, ஆகவே பால் மேற்கே போய்விடுமோ என்று அப்பாவுக்குக் கவலை. காலண்டர் அட்டையை மடித்து அடுப்புக்கு ஒரு பக்கம் முட்டுக் கொடுத்தார். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். அப்பாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

பால் பொங்கிற்று. துல்லியமாகக் கிழக்கே. மேடை விளிம்பைத் தாண்டி, மூடி போடாத மோட்டாருக்குள். ஒரு சீறல், கம்பி கருகும் நாற்றம், விளக்கு அணைந்தது. மிச்சப் பால் பலகை இடுக்கு வழியாகத் தரைக்கு அடியில் போயிற்று.

பக்கத்து வீட்டு மாமி, காதில் விழும்படி: "மொத நாளே இப்படியா."

அம்மா: "பொங்கித்தோல்லியோ. நல்லதுதான்." திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள்.

அக்கா பழைய துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க ஒன்றும் இல்லாத இடத்தைக்கூட.

பிப். 12, திங்கள்

புளித்த பால் வாடை. எறும்பு. அக்கா ஆபீஸுக்குப் போகாமல் தரைப் பலகைகளைக் கழற்றுகிறாள். குளிர் தாங்க அடியில் வைத்திருந்த தெர்மோகோல் பாதி வீண். மோட்டார் முழுக்க வீண்.

நான் டம்ளரில் காபி கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "அவ ஒரு தடவை கேட்டாளாடி, பத்ரிக்குப் போகணும்னு? நானாத்தான் நெனச்சுண்டேனோ?"

அப்பா ஊரூராகப் போய் அனுப்பிய படத் தபால்கள் எல்லாம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் இருக்கின்றன என்று மட்டும் சொன்னேன். அவளுக்கும் தெரியும்.

விளக்கு வைக்கும் நேரம். அடுக்களையில் அம்மா அப்பாவிடம் பேசுவது கேட்டது. ஒட்டுக் கேட்கவில்லை, நின்றுவிட்டேன்.

"வண்டியெல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கா. எனக்குத்தான் பயமா இருக்கு."

"மலைப்பாதைக்கா?"

"மலைக்கு என்ன. அத்தனையும் பாத்துட்டு வந்தப்பறம், இந்த அடுக்களைல மறுபடி எப்படி நிக்கறதுன்னு."

தாளிக்கும் சத்தம்.

நான் படித்த எதிலும் இந்த வாக்கியம் இல்லை. அக்காவிடம் சொல்லலாமா? சொல்லவில்லை. அம்மா தானாக அவளிடம் சொல்ல வேண்டிய ஒன்று.

பிப். 18, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. செருப்பு தைத்தாயிற்று.

சாப்பாட்டின்போது அம்மா பொதுவாகச் சொன்னாள்: "எல்லாரும் போயிட்டா ஆத்துல விளக்கு யார் ஏத்துவா?"

"நான் ஏத்தறேன்" என்றேன். நான் போகவில்லை, லீவு கிடையாது.

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "நீயா?"

"நான்தான்."

"குளிச்சுட்டு?"

"குளிச்சுட்டு."

அக்கா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கிற்று. சிரிக்கிறாள், கடன்காரி.

பிற்பகல் தாஸ் ஒரு கைப்பம்போடு வந்தார். பொருத்திக்கொண்டிருக்கும்போது வண்டி லேசாக ஆடிற்று. அம்மா ஏறியிருந்தாள். முதல் தடவை. யாரும் கூப்பிடவில்லை.

"ஏம்பா தாஸ், இதுக்குள்ள வாஷர் தோலா?"

"தோலு தாம்மா. நல்லா இஸ்துக்கும்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தோல் பட்ட தண்ணீரை அம்மா தொட மாட்டாள் என்பது இத்தனை டேப் பிடித்தவளுக்கு மறந்துவிட்டது.

"ரப்பர்ல கீதும்மா, மாத்திக் குடுத்துர்றேன்" என்றார் தாஸ், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு.

"பம்பே எதுக்கு? தொட்டியை மேலே வைங்கோ. தண்ணி தானே எறங்கி வரும்."

"கூரை மேலன்னா வெயில்ல கொதிக்கும்மா" என்றாள் அக்கா.

"கொதிக்கட்டுமே. உலை சீக்கிரம் ஆகும்."

தாஸ் பெரிதாகச் சிரித்தார். "மேடம், அம்மாவை கம்பெனிக்குக் கூட்டினு வா. நம்ம ஃபோர்மேனை ஊட்டுக்கு அனுப்பிடலாம்."

அம்மா மேல் தட்டுக்குக் கையை நீட்டினாள். எட்டிற்று. ஆணிக்கு நீட்டினாள். எட்டிற்று. மேடையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றாள்.

"எல்லாம் சரியா இருக்கே."

"ம்" என்றாள் அக்கா. பிறகு, "வரயாம்மா?"

"பாக்கலாம்."

மார்ச் 3, ஞாயிறு

வண்டிக்குள்ளிருந்து எழுதுகிறேன். கல்கத்தா ரோடு, கும்மிடிப்பூண்டி தாண்டி, தடாவுக்கு முன்னால் ஒரு புளியமரத்தடி. காற்று சூடு. லாரிகள் போகும்போதெல்லாம் வண்டி ஒரு தரம் அசைந்து கொடுக்கிறது.

வெள்ளோட்டம். இன்னும் ஒரு மாதத்தில் வழியில் உள்ள சத்திரங்களுக்கு எழுதிப் போட வேண்டும் என்றும், இன்று சாயங்காலத்துக்குள் அம்மா சரியென்றோ இல்லையென்றோ சொல்ல வேண்டும் என்றும் அக்கா நேற்று கறாராகச் சொல்லிவிட்டாள். இல்லையென்றால் வண்டியை விற்றுவிடுவதாக. அம்மா தலையாட்டினாள். எதற்கு என்று தெரியவில்லை.

அக்கா ஓட்டுவதை முன்சீட்டிலிருந்து பார்த்தேன். முதுகு நிமிர்ந்து, அவசரமில்லாமல், பின்னால் பாத்திரம் சத்தம் போட்டால் உடனே வேகம் குறைத்து. பால் நிறைந்த சொம்பை எடுத்துப் போவது போல ஒரு வண்டியை ஓட்ட முடியும் என்று இன்றுதான் தெரிந்தது.

இங்கே நிறுத்தியதும் திரையை இழுத்துக்கொண்டு அம்மா குளித்தாள். கோலால் புடவையை எடுத்தாள். சாதம், மிளகு ரசம், வாழைக்காய்க் கறி. ரசம் கொதிக்கும் வாசனை ரோடுவரை போயிருக்க வேண்டும். வடக்கே போகிற ஒரு லாரி நின்றது. இரண்டு பேர் இறங்கி, துண்டால் முகம் துடைத்துக்கொண்டு நேராகப் பின்கதவுக்கு வந்தார்கள்.

"ஏனுங்க, சோறு ஆயிருச்சுங்களா? ரெண்டு சாப்பாடுங்க."

நான் பதறிவிட்டேன். அப்பா அமைதியாக, "ஓட்டல் இல்லப்பா. இது வீடு."

"வூடுங்களா?" பெரியவர் இரண்டடி பின்னால் போய், வண்டியைச் சக்கரத்திலிருந்து கூரைவரை பார்த்தார். "மன்னிச்சுக்கோணுங்க. வாசத்துல வந்துட்டோமுங்க." திரும்பி நடந்தார்கள்.

"நில்லுங்கோ" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து. "ஜயா, இலை இருக்கா பாரு."

இருந்தது. அம்மா கதவு விளிம்பில் நின்று, பட்டுவிடாமல், உயரத்திலிருந்து பரிமாறினாள். அந்த இடைவெளி எனக்குக் கண்ணில் உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது. ஆனால் ரசம் மூன்றாவது தரம் கேட்டபோது, எங்களுக்கென்று வைத்திருந்த ஈயச்செம்பை அவள் முழுக்கச் சாய்த்ததையும் பார்த்தேன். அம்மா சமைத்ததை வீட்டு மனிதர்கள் அல்லாத ஒருவர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அவளுக்கும் அது புதிது. நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூட மறந்து அவர்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாமக்கல் பக்கமாம். ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர் போகிறார்கள். மாதம் ஒருமுறை போகிற வழி. பத்ரிக்கும் அதே வழிதான். இலையை மடித்துவிட்டுப் பெரியவர் சொன்னார்: "பொன்னி சோத்துக்கு அங்கெல்லாம் ஏங்கிக் கெடப்போமுங்க."

அம்மா கேட்டாள்: "நாக்பூர் தாண்டினா தண்ணி எப்படிப்பா?"

"ஒவ்வொரு பக்கம் ஒவ்வொரு மாதிரிங்க. சில ஊர்ல சப்புனு கெட்டித் தண்ணி. குடிக்க ஒண்ணும் பண்ணாது, பருப்பு மட்டும் வேகாதுங்க."

"அதுக்கென்ன" என்றாள் அம்மா. "முந்தின நாளே ஊறப் போட்டுண்டுட்டாப் போச்சு."

கரண்டியை ஆணியில் மாட்டினாள். மறுபடியும் உலை வைக்க அரிசி டின்னுக்குக் கை நீட்டினாள்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா, பின்சக்கரத்தில் காற்று இருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனாள். லாரி கிளம்பிவிட்டது. இரண்டாவது உலை கொதிக்க ஆரம்பித்துவிட்டது. அவள் இன்னும் அந்தச் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.