முட்டை வேனும் டாப்பு எரிந்த காரும்

பீர்க்கன்கரணை,
2007 ஜூன், வெள்ளிக்கிழமை.

என் கண்ணான மகள் அனமுக்கு அம்மா சொல்லும் சலாம். அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் தம்பி வாஜித்தும் அல்லாஹ் வைத்தபடி இருக்கிறோம், முழங்கால் வலி அதன் பாட்டுக்கு இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்தத் தம்மாம் வெயிலில் ஒரு நோவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சின்னவனுக்கு இருமல் நின்றதா, ஏசி காற்றை நேராக நெஞ்சில் படவிடாதே. பக்கத்துத் தெரு தௌசிப் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், கூடவே எலுமிச்சை ஊறுகாயும் இருக்கிறது. போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன வாரம் போனில் நீ கேட்டாயே, அம்மா, நீ வேணும்னே பண்ணியா என்று. நான் பதில் சொல்லாமல் போனை வாஜித் கையில் கொடுத்துவிட்டேன். அவன் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பதிலைச் சொல்ல வாய் வரவில்லை. நாலாவது வகுப்போடு நின்றவள் நான், மெதுவாகத்தான் எழுதுவேன், நீயும் மெதுவாகவே படி.

அந்தக் காரை நீ கண்ணால் பார்த்ததில்லை. ரெண்டு வருஷம் முன்னால் மழையில் முடிச்சூர் வரைக்கும் முழுகியதே, அந்த மழையில் அடையாறு பக்கம் எவனோ பணக்காரன் வீட்டுக் கீழ்த்தளத்தில் நின்று முழுகிப்போன ஜெர்மன் கார். இன்சூரன்ஸ்காரர்கள் படப்பை ரோட்டில் ஒரு மைதானத்தில் முழுகின வண்டிகளை எல்லாம் வரிசையாக நிறுத்தி ஏலம் விட்டிருக்கிறார்கள், எல்லாரும் டாக்சிக்கு ஆகிற வண்டியாகப் பார்த்து எடுக்க உன் தம்பி மட்டும் இதன்மேல் கையை வைத்துவிட்டு வந்தான். ரெண்டே கதவு, தலைக்கு மேல் தகரம் கிடையாது, துணிதான், மடித்துப் பின்னால் போட்டுவிடலாம், அதைத்தான் டாப்பு என்கிறான். ரிக்கவரி வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் இறக்கிக் கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஏரிச்சேறு வழிந்தது, சீட்டுக்கு அடியில் ஒரு நண்டு ஓடு. நான் தலையில் அடித்துக்கொண்டேன், குப்பைத் தொட்டியை ஏலத்தில் எடுத்த ஒரே ஆள் நீதான்டா என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, அம்மா, இத ரெடி பண்ணி கல்யாணத்துக்கு விட்டா மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மெட்ராஸ் பூரா நம்ம வூட்டுக்குத்தான் வரும் என்றான்.

அப்புறம் நம் வீடு வீடாக இல்லை. துணி காய்கிற கொடியில் காரின் கார்ப்பெட் தொங்கியது, மாடியில் வற்றல் காய்கிற இடத்தில் சீட்டு காய்ந்தது. என்ஜினில் ஆயில் திறந்துவிட்டான், பால் விட்ட டீ மாதிரி வந்தது, தண்ணி பூந்துருக்கு என்று அவனே சொல்லிக்கொண்டு கழுவிக் கழுவி ஊற்றினான். உள்ளே இருந்த வயர் அத்தனையும் உருவி ஹாலில் பாயை விரித்துப் போட்டான், பானை வைக்கிற பிரிமனை மாதிரி சுருண்டு கிடந்தது. ஒவ்வொரு முனையையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து வைப்பான், நான் டார்ச் பிடிப்பேன். புதுப்பேட்டை ஸ்பேர் கடைகளில் கிடைக்காததற்குப் பம்பாய்க்கு ஆள் விட்டான். டாப்பைச் சேலையூரில் குஷன் கடை வைத்திருக்கும் சவுரிமுத்து தைத்துக் கொடுத்தார், மடக்குகிற மோட்டார் மட்டும் கடைசி வரை உயிர் வரவில்லை, கையாலேயே மடக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். முதல் தடவை விளக்கு எரிந்த சாயங்காலம் அவன் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான் அனம். உன் அத்தா இறந்தபோதுகூட அவன் என் எதிரில் அழுததில்லை.

வண்டி முடிகிற நேரத்தில்தான் உன் அத்தாவின் தம்பி பாட்சா சாச்சா வந்தார். பன்னிரண்டு வருஷத்தில் உன் அத்தா இறந்த மையித்து வீட்டைத் தவிர வேறு எதற்கும் நம் வாசல்படி ஏறாதவர், மகள் சோயாவுக்கு நிக்காஹ் வைத்திருக்கிறேன் வாஜித், மாப்பிள்ளைக்கு உன் வண்டிதான் வேணும் என்று வாயால் கேட்டார். நான் டீ போடவில்லை. உள்ளே போய் அரிசியைப் புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் கல்யாணத்துக்குத் தன் அம்பாசிடரை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் விட்டவர் அவர், கடைசியில் உன் மாப்பிள்ளையை முட்டை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தோம், வேனின் முதுகில் நாட்டுக்கோழி முட்டை கிடைக்கும் என்று எழுதியிருந்தது. உன் மாமியார் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள் என்று நீதானே எழுதினாய். அதை நான் மறப்பேனா. அன்று பாட்சா போட்டிருந்த சட்டை நிறம் கேள், சொல்கிறேன். அவர் பெண்டாட்டி மைமூன் பந்தியில் இரண்டாவது தடவை கறி கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. வாஜித் ஒரே வார்த்தையில் சரி சாச்சா என்றுவிட்டான். நான் ரெண்டு நாள் அவனோடு பேசவில்லை.

ஆனால் சோயா வந்தாள். அந்தப் பெண் என்ன பாவம் செய்தது. வந்து காரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் முகம் பார்த்தாள், பிறகு மூக்கைச் சுளித்து, பெரியம்மா, இந்தச் சேத்து வாசன போவவே போவாதா, அவர் மூக்கைப் பொத்திக்கினு வந்தா போட்டோ நல்லாவா இருக்கும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சொன்னதும் நிஜம்தான், எத்தனை ஷாம்பு போட்டும் அந்த ஏரி வாசனை சீட்டை விட்டுப் போகவில்லை. நான் பார்த்துக்கிறேன் போ என்று அவள் கன்னத்தைக் கிள்ளி அனுப்பினேன். அன்றைக்கு என் மனசு சுத்தமாகத்தான் இருந்தது, இதை மட்டும் நீ நம்பு.

நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வியாழன் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு எப்போதும் போல வீட்டுக்குச் சாம்பிராணி போட்டேன். வாஜித் சவுரிமுத்து கடைக்குப் போயிருந்தான். உனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால் தலைமுடி மேல் கூடையைக் கவிழ்த்துப் புகை போடுவேனே, ஒரு வாரம் மணக்குமே, அதே நினைப்புதான். காரின் டாப்பை இழுத்து மூடினேன், கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது, கொட்டாங்கச்சி நெருப்பை இரும்புத் தட்டில் அள்ளிப் பின் சீட்டுக்குக் கீழே வைத்து ஒரு பிடி சாம்பிராணியைத் தூவிக் கதவைச் சாத்தினேன். மணி உருட்டி நாலு தடவை திக்ரு ஓதுகிற நேரம், பிறகு எடுத்துவிடலாம் என்றுதான். கதவைச் சாத்தித் திரும்பினால் மைமூன் கேட்டில் நிற்கிறாள், கையில் பத்திரிகையும் பழத்தட்டும். முறையாக அழைக்க வந்திருக்கிறாள். நானும் வா என்று கூப்பிட்டு வராந்தாவில் உட்கார வைத்தேன், நாற்காலி பக்கத்தில் காரின் பேட்டரி சார்ஜில் கிடந்தது, பார்த்து உட்காரு என்றுகூடச் சொன்னேன். அவள் டீயைக் குடித்துக்கொண்டே, இன்னா அக்கா, அப்போ முட்டை வேன், இப்போ மூடியில்லாத வண்டி, உங்க வூட்டுக்கு வண்டி ராசியே அப்பிடித்தான் கீது என்று சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள், இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு உள்ளே என்னவோ அறுந்துவிட்டது. நான் ஆரம்பித்தேன் அனம். முட்டை வேனில் ஆரம்பித்து, உன் அத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர்கள் எத்தனை தடவை வந்தார்கள், என்ன வாங்கி வந்தார்கள், எந்த ஆரஞ்சு அழுகியிருந்தது, கிணற்றுத் தண்ணீர், பொதுச் சுவர், என் மாமியார் வளையல் யார் கைக்குப் போனது, ஒன்று விடாமல் சொன்னேன். ஒரு வார்த்தைக்கு அவள் எழுந்தாள், நான் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னேன். அவள்தான் முதலில் மூக்கை உறிஞ்சினாள். அக்கா, இன்னாவோ தீயுது என்றாள். நான், பேச்சை மாத்தாதே என்றேன்.

தெருவே ஓடிவந்து தண்ணீர் ஊற்றியது. டாப்பு முழுக்கப் போய்விட்டது, பின் சீட்டு கருகிக் கம்பி தெரிந்தது. தலைவாசலில் வாளியோடு நின்றேன். வாஜித் வந்தான். காரைப் பார்த்தான், உள்ளே கிடந்த இரும்புத் தட்டைப் பார்த்தான், வராந்தாவில் கிடந்த பேட்டரியைப் பார்த்தான், கடைசியாக என்னைப் பார்த்தான். நான் எடுப்பதற்கு முன்னால் அவன் குனிந்து அந்தத் தட்டை எடுத்துத் துணியில் சுற்றிவிட்டான். அதற்குள் பாட்சா மூச்சிரைக்க வந்து என்னாச்சு என்று கேட்டார். என் தப்பு சாச்சா, வயரிங்ல ஷார்ட் ஆயிடுச்சு என்றான் உன் தம்பி. அவ்வளவு நேரம் பேசின என் வாய் அப்போது திறக்கவில்லை.

கல்யாணம் நின்றுவிடவில்லை. எரிந்த டாப்பை வெட்டிப் போட்டுவிட்டு, சீட்டின் மேல் சவுரிமுத்து கொடுத்த சிவப்பு வெல்வெட்டைப் போர்த்தி, வாஜித்தே மாப்பிள்ளையை உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனான். நான் முழங்காலைச் சாக்குச் சொல்லிப் போகவில்லை, மாடியிலிருந்து பார்த்தேன். பெருங்களத்தூர் மண்டபம் போவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது, மேலே மூட ஒன்றுமில்லை, மாப்பிள்ளை நனைந்துகொண்டே சலாம் சொல்லிக்கொண்டு போனார். தெரு சிரித்தது. நம் வீட்டைத் தாண்டும்போது வாஜித் நிமிர்ந்து பார்ப்பான் என்று நினைத்தேன், பார்க்கவில்லை.

இதோடு போயிருந்தால் நான் இப்படியே இருந்துவிட்டிருப்பேன், என்னை எனக்குத் தெரியும். அப்புறம்தான் பேச்சு கிளம்பியது. வாஜித் வண்டில ஏறுனா மாப்பிள்ளை கபாப் என்று டீக்கடையில் சொன்னார்களாம். காரைக் கேட்டிருந்த ரெண்டு கல்யாண வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூட வேன் விடுகிறாரே ஏசுபாதம் சார், அவர் வண்டிகள் அத்தனைக்கும் வயரிங் வேலை நம் வாஜித்துதான் இத்தனை வருஷம். அவர் நம் வாசலுக்கு வந்து, தப்பா எடுத்துக்காத வாஜித், சின்னப் பிள்ளைங்க போற வண்டி, ரிஸ்க் எடுக்க முடியாதுப்பா என்று சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று நானே கேட்டேன். உன் தம்பி, நீங்க சொல்றது நியாயம்தான் சார் என்றான். பாயை விரித்து ஒவ்வொரு முனையாகத் தேய்த்த பிள்ளை அனம். அவன் கட்டின வயரில் ஒரு பொறி பறந்ததில்லை.

அதுதான் நீ போன் பண்ணின வாரம். மைமூன் வீட்டு வழியாக உன் காதுக்கு வேறு மாதிரி வந்திருக்கிறது, நான் வஞ்சம் வைத்துக் கொளுத்தினேன் என்று. நீ கேட்டதில் தப்பில்லை. என் வயிற்றில் பிறந்தவளே கேட்கிற மாதிரிதான் நான் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். வேணும்னு பண்ணவில்லை. ஆனால் மறந்ததற்குக் காரணம் அதுதான். எதையும் மறக்காதவள் என்று பேர் வாங்கினவள், பழையதை எல்லாம் எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் பத்தடியில் வைத்த நெருப்பை மறந்தேன்.

போன ஞாயிறு சோயாவும் மாப்பிள்ளையும் பாட்சா வீட்டுக்கு மறுவீட்டு விருந்துக்கு வந்திருந்தார்கள். யாரிடமும் சொல்லாமல் நானே நடந்து போனேன். கூடம் நிறைய சம்பந்தி வீட்டார், நடுவில் சஹன் தட்டு வைத்து நாலு நாலு பேராகச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன். வண்டி எரிந்தது என் சாம்பிராணியால், என் பிள்ளை வேலையில் குறையில்லை, எனக்காகப் பொய் சொன்னான் என்றேன். சோயாவின் மாமியார் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் பார்த்தாள். பாட்சா எழுந்து வந்து என்னைத் தனியாக முற்றத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே என்ன சொன்னார் தெரியுமா. அண்ணி, பேட்டரிய வெளிய கழட்டி வச்சிருக்கு, அப்புறம் எங்கேந்து ஷார்ட்டு, முப்பது வருஷம் வண்டி ஓட்டுனவன் நான், எனக்கு அன்னைக்கே தெரியும் என்றார். நீங்க வேணும்னுதான் வச்சீங்கன்னு நெனச்சேன், அனம் கல்யாணத்துக்கு நான் செஞ்சதுக்கு இது சரியாப் போச்சு, இனிமே அண்ணி எங்கக்கூடப் பேசுவாங்கன்னு நெனச்சுக்கினேன் என்றார். கோபமே இல்லை அவர் குரலில். நான் கொளுத்தினேன் என்று நம்பியும், மகள் கல்யாண ஊர்வலம் மழையில் நனைந்தும், மைமூன் உன் காதில் போட்டதைத் தவிர, ஊரில் ஒரு வார்த்தை விடவில்லை அந்த மனிதர். அவர் ரெண்டு அடி அடித்திருந்தால் எனக்கு இவ்வளவு கூசியிருக்காது.

பிறகு, வாங்க, ஏசுபாதம் சார் வூட்ல சொல்லிட்டு வந்துடலாம் என்று சாவியை எடுத்தார். வெளியே பார்த்தால் அதே அம்பாசிடர். பெயிண்ட் மாற்றியிருக்கிறார், ஆனால் முன் கதவில் அந்தப் பழைய நசுங்கல் அப்படியே இருக்கிறது. உன் மாப்பிள்ளை உட்கார்ந்து வரவேண்டிய சீட்டில் நான் உட்கார்ந்து போனேன். ஏசுபாதம் சார் வீட்டிலும் சொன்னேன், அவர் சம்சாரம் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள், வேன்களை மறுபடியும் அனுப்புகிறேன் என்று சார் சொல்லியிருக்கிறார். திரும்பி வரும் வழியெல்லாம் பாட்சாவிடம், அன்றைக்கு இந்தக் கார் ஏன் வரவில்லை என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. பன்னிரண்டு வருஷமாக ஊர் பூராவும் சொன்னேனே தவிர அவரை ஒரு தடவை கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்கவில்லை. வாசலில் இறங்கி, உள்ளே வந்து டீ சாப்பிட்டுப் போங்க என்று மட்டும் சொன்னேன். வந்தார்.

வாஜித்திடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் சவுரிமுத்து புது டாப்புக்கு அளவெடுக்க வந்தபோது, அம்மா, சாம்பிராணி டப்பாவ ஒளிச்சு வச்சுட்டேன், தேடாத என்றான். சவுரிமுத்து சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு சமையலறைக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல். பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறாயா, விட்டுவிடாதே. உன் வீட்டில் பரக்கத்து நிறையட்டும், உன் வயிறும் மனசும் குளிர்ந்து இருக்கட்டும். ஊறுகாயை எவர்சில்வரில் வைக்காதே, கண்ணாடி பாட்டிலில் வை. முக்கியமாக ஒன்று, இந்த வாரம் பாட்சா சாச்சாவுக்கு ஒரு போன் போடு. சோயா கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல், பிறகு என் பேரைச் சொல்லாமல், அன்றைக்குக் கார் ஏன் வரவில்லை என்று நீயாகக் கேள். கோபமாகக் கேட்காதே, தெரிந்துகொள்கிற மாதிரி கேள். அவர் என்ன சொன்னாலும் அப்படியே எனக்கு எழுது.

உன்னை நினைத்தபடியே இருக்கும் அம்மா,
பஷீரா.